வெயிலையும் காற்றையும் கேட்டு அலங்கரிப்போம்: 12-க்கு 16 ஹாலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் கோல்கொண்டே என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சம்மரும் உடனிருந்து கட்டினார்கள். 1937-ல் வேலை தொடங்கியது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. ஆனாலும் உள்ளே போனால் முதலில் தெரிவது கான்கிரீட் இல்லை, குளிர்ச்சிதான். நீளச் சுவர்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்தச் சுவர்களில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை சாய்த்துத் திறக்கும் பட்டைகள்தான். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு. கதவை மூடினாலும் சட்டங்களின் இடைவெளியில் காற்று போய்வரும். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. நடுவில் காற்றுக்கு வழி. அறைக்குள் எளிய தேக்குச் சாமான்கள், வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு, கறுப்புக் கல் தரை. அலங்காரம் என்று தனியாக எதையும் காட்ட முடியாது. ஆனாலும் நாட்டின் மிக அழகான அறைகளில் அவையும் உண்டு.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சோஃபா, டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், திரைச்சீலை எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் "ஹால் ஏன் இவ்வளவு புழுங்குது?" என்ற கேள்வி வரும். இந்த வழிகாட்டி வரிசையை மாற்றிப் போடுகிறது. முதலில் வெயில், காற்று, ஈரம். அடுத்து விளக்கு, சுவர், தரை. சாமான் கடைசியில். கணக்குப் போட வசதியாக 12 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். உங்கள் அளவுக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டேப், கட்டம் போட்ட நோட்டு, மாஸ்கிங் டேப், ஊதுபத்தி. இவ்வளவு போதும். அறையை ஓர் அடிக்கு இரண்டு கட்டம் என்று வரையுங்கள். ஜன்னலின் அகலம் உயரத்தோடு, தரையிலிருந்து ஜன்னல் அடிக்கட்டை எவ்வளவு உயரம், பீம் எவ்வளவு இறங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஸ்விட்ச் பாக்ஸ் எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வேறுபடுவது சாதாரணம். ஆனால் தரை போடும்போது இந்த எண் உங்களுக்குத் தேவைப்படும்.

காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்குத் தரையில் வெயில் விழும் இடத்தின் ஓரத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள். சூரியன் பற்றி ஒரு விஷயம்: சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். கோடையில் வடக்கு ஜன்னலிலும் காலை மாலை வெயில் விழுவது அதனால்தான். தெற்கு ஜன்னலில் வெயில் ஆழமாக உள்ளே வருவது மார்கழி, தை மாதங்களில். அது பெரிய தொல்லை இல்லை. குளிர் நாடுகளுக்கு எழுதிய அலங்காரக் குறிப்புகளில் "தெற்கு ஜன்னல் வெப்பம், வடக்கு ஜன்னல் குளிர்ச்சி" என்று வரும். அதை அப்படியே இங்கே நம்பிவிடாதீர்கள். நமக்கு எதிரி மேற்கு. அடுத்தது கிழக்கு.

காற்றுக்கு ஊதுபத்தி. எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு ஜன்னலருகே பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கம் சமையலறைக் கதவையோ படுக்கையறை ஜன்னலையோ திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். நேராக மேலே போன புகை சட்டென்று படுத்துக்கொண்டு நகர்ந்தால், அந்த வீட்டின் காற்றுப்பாதை உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பாதையை நோட்டில் அம்புக்குறியாகப் போடுங்கள். அங்கே உயரமான அலமாரியோ தடுப்போ வரக்கூடாது. காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் போதாது, வெளியேற இன்னொரு வழி வேண்டும். ஒரே சுவரில் நான்கு ஜன்னல் இருந்தாலும் புழுக்கம் தீராது.

2. வெயிலை வெளியிலேயே நிறுத்துவது

மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் வெளிச்சம் குறையும், வெப்பம் குறையாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரையைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு அறைக்குள்ளேதான் இருக்கிறது. தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் பாருங்கள். 2 அடி நீண்ட சன்ஷேடு டிசம்பர் உச்சி வெயிலில் தெற்கு ஜன்னலின் மேல் 2¾ அடியை நிழலில் வைக்கும். அதே சன்ஷேடு மே மாதம் மாலை நாலரை மணிக்கு மேற்கு ஜன்னலில் ஓரடியைத்தான் மறைக்கும். 4 அடி ஜன்னலில் மூன்றடி வெயிலுக்குத் திறந்தே கிடக்கும். சாய்ந்து வரும் வெயிலுக்குக் கிடைமட்டத் தடுப்பு உதவாது. செங்குத்தாகத் தொங்குவது வேண்டும். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, பால்கனி என்றால் மேலிருந்து இறங்கும் வெளிப்புற பிளைண்டு. தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே 4 முதல் 6 அங்குலம் விட்டால் சூடான காற்று மேலே போய்விடும். ஒட்டித் தொங்கினால் பாதிப் பயன்தான். கீழ்முனையில் கொக்கி வைத்துக் கட்ட மறந்தால் ஆடிக் காற்றில் ஒரே வாரத்தில் கிழிந்துவிடும்.

கடைசி மாடி வீடு என்றால் வெப்பம் மேலிருந்து வருகிறது. ஹாலுக்குள் என்ன செய்தாலும் பயன் குறைவு. மொட்டை மாடியில் வெள்ளைக் குளிர்ச்சி ஓடு பதிப்பது, குறைந்தபட்சம் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, இதுதான் முதல் செலவு. ஃபேனைப் போட்டால் அனல் இறங்குகிறது என்பது ஃபேனின் குற்றமில்லை.

ஜாலிச் சுவர், அதாவது துளைகள் விட்டுக் கட்டும் சுவர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜன்னலுக்குப் பதில் சுவரையே காற்றுவழியாக்கினார். கண் கூசாத வெளிச்சம், திறந்திருந்தும் மறைவு, மரச்சட்டச் செலவும் இல்லை. இன்று சுட்டமண் ஜாலி எங்கும் கிடைக்கிறது. பால்கனி ஓரம், மாடிப்படிச் சுவர், கழுவுமிடம் ஆகிய மூன்றும் அதற்குச் சரியான இடங்கள். ஹாலில் வைப்பதானால் உள்பக்கம் கழற்றித் துடைக்கக்கூடிய கொசுவலைச் சட்டம் கட்டாயம். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கம் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் மேலே 2½ அடி தாழ்வாரம் வேண்டும். கைப்பிடிச் சுவருக்குப் பதிலாக ஜாலியை நிறுத்தவே கூடாது. அது சாய்மானத்தின் பாரத்தைத் தாங்கும் பொருள் இல்லை.

3. ஈரம் இருந்தால் இங்கேயே நில்லுங்கள்

உப்புப் பூத்த சுவரில் பெயிண்ட் அடிப்பது பணத்தைச் சுண்ணாம்பில் கரைப்பது. சோதனை எளிது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் துளிகள் நின்றாலோ சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்தால் சரியாகும்.

எங்கிருந்து வருகிறது என்பதை இடமே சொல்லும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை ஒரே மட்டமாக இருந்தால் அஸ்திவாரத்து ஈரம் ஏறுகிறது. ஒரு பக்கம் மட்டும் திட்டாக இருந்தால் அந்தப் பக்கம் குளியலறை இருக்கும். குழாய் இணைப்பையும் டைல்ஸ் இடுக்கையும் பாருங்கள். ஜன்னலின் கீழ் மூலையில் இருந்தால் அடிக்கட்டைச் சரிவு உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. கூரையோரம் என்றால் மாடித் தளம். மூலத்தைச் சரிசெய்து, பழைய பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை கொத்தியெடுத்து, நீர்க்காப்புக் கலவையோடு மறுபூச்சு செய்ய வேண்டும். அப்புறம் குறைந்தது 28 நாள் காயவிட வேண்டும். "பத்து நாள் போதும் சார்" என்று சொல்லும் பெயிண்டர் அடுத்த மழைக்கு வரமாட்டார்.

பி.வி.சி. பேனலோ வால்பேப்பரோ ஒட்டி ஈரத்தை மறைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. மறைவில் பூஞ்சை வளரும், கரையான் வந்தாலும் தெரியாது.

4. மின்சாரமும் வெளிச்சமும்

சுவரைக் கொத்தும் வேலையெல்லாம் புட்டிக்கு (பெயிண்டுக்கு முன் சுவரை வழுவழுப்பாக்கும் பூச்சு) முன் முடிந்துவிட வேண்டும். எனவே சோஃபா எங்கே, டிவி எங்கே, சாமி அலமாரி எங்கே என்பதை இப்போதே நோட்டில் முடிவு செய்யுங்கள். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், சாதாரண பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கு 4. போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் சர விளக்கு வாங்கும் காசில் முதலில் அதை மாட்டுங்கள்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? ஹாலில் பொதுவாகப் புழங்க 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென் ஒளி போதும். 192 சதுர அடி என்பது ஏறக்குறைய 18 சதுர மீட்டர். பெருக்கினால் 2,700 லூமென். சுவரும் தூசியும் விழுங்குவதைச் சேர்த்தால் 4,500 லூமென். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் இது மொத்தம் 45 வாட் அளவுதான். ஆனால் இதை ஒரே ஸ்விட்ச்சில், கூரை நடுவில் கொட்டக்கூடாது. மூன்றாகப் பிரியுங்கள்: சுவரோரம் பொது விளக்கு ஒரு ஸ்விட்ச், படிக்கும் நாற்காலியருகே ஒன்று, சாமி அலமாரிக்கோ படத்துக்கோ இன்னொன்று. மாலையில் பொது விளக்கை அணைத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். பாதி அலங்காரம் அங்கேயே முடிந்துவிடும்.

நிறத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) கூல் டேலைட் பளிச்சென்று இருப்பதால் கடையில் அதைத்தான் தருவார்கள். அதன் கீழே மரம் சாம்பலாகவும், சிவப்புத் தரை செத்ததாகவும், மனிதர்கள் நோயாளியாகவும் தெரிவார்கள். ஹாலுக்கு 3,000 கெல்வின், படிக்கும் இடத்துக்கும் சமையலறைக்கும் 4,000. பெட்டியில் சி.ஆர்.ஐ. (பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 90 என்று பார்த்து வாங்குங்கள். ஒரே அறையில் ஒரே வரிசை விளக்குகளில் இரண்டு நிறம் கலக்கக்கூடாது. ஒன்று ஃப்யூஸ் ஆனால் அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல்: ஃபேன். கூரையில் பதித்த விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால், இறக்கை வெட்டி வெட்டி அறை முழுவதும் நிழல் துடிக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி. 48 அங்குல ஃபேனின் இறக்கை நுனி மையத்திலிருந்து 2 அடி. கூரைக்கு ஒன்றரை அடி கீழே இறக்கை சுற்றுகிறது என்றால், ஒளி குறுகி விழும் ஸ்பாட் விளக்கை மையத்திலிருந்து மூன்றரை அடிக்கு அப்பால் வையுங்கள்; ஒளி பரந்து விழும் பேனல் விளக்கு என்றால் ஐந்தடி. 12 அடி அகலத்தில் அது சுவரோரமே வந்துவிடும். அதைவிட நல்ல வழி, இறக்கை மட்டத்துக்குக் கீழே, ஆறரை அடி உயரத்தில் சுவர் விளக்கு.

ஃபால்ஸ் சீலிங் வேண்டுமா? பத்தடிக் கூரையில் அது 6 முதல் 8 அங்குலத்தைத் தின்னும். ஃபேனை இன்னும் இறக்க வேண்டும். பல்லிக்கும் தூசிக்கும் ஒரு மாடி கட்டிக் கொடுத்தது போல. பீம் அசிங்கமாகத் தெரிந்தாலோ வயர் கொண்டுபோக வேறு வழியில்லாவிட்டாலோ அந்த ஓரத்தில் மட்டும் 1½ அடி அகலத்துக்குப் போடுங்கள். கூரை முழுக்க அடுக்கடுக்காக அலையடிக்க வைப்பது வேண்டாத வேலை.

5. சுவர்

சுற்றளவு 56 அடி, உயரம் 10 அடி: 560 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 90 கழித்தால் 470. இதற்கு வெள்ளை சிமென்ட் புட்டி 40 கிலோ மூட்டை ஒன்று (இரண்டு பூச்சு), ப்ரைமர் 4 முதல் 5 லிட்டர், எமல்ஷன் பெயிண்ட் 8 லிட்டர் (இரண்டு கோட்). கூரைக்குத் தனியாக 3 லிட்டர். பெயிண்டர் இதைவிட இரண்டு மடங்கு எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

புட்டி ஒரு பூச்சு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தடிமனாக ஒரே தடவையில் இழுத்தால் காயும்போது மயிரிழை விரிசல் விழும், தட்டினால் ஓடு போல் பெயரும். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் அதைச் சிமென்ட் பூச்சில் சரிசெய்ய வேண்டும். தேய்த்த பிறகு தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் ப்ரைமர் அடித்தால் பெயிண்ட் தூசியின் மேல்தான் ஒட்டும். தேய்த்த சுவரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்த அலையெல்லாம் தெரியும். இதைப் பெயிண்டர் கிளம்பும் முன் செய்ய வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடு என்றால் மேலே சொன்ன புட்டி, எமல்ஷன் கணக்கை மறந்துவிடுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற எமல்ஷன் பூசினால் இரண்டு மழையில் கொப்பளம் கட்டும். சுண்ணாம்பு அடிப்பதே சரி. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கருவும் கலந்து பலமுறை தேய்த்து மெருகேற்றிய பூச்சு நூறு வருடம் கழித்தும் கண்ணாடி போல் இருக்கிறது. அதன்மேல் புட்டி இழுப்பது பாவம்.

நிறம் தேர்வது ஷேடு கார்டில் இல்லை. பிடித்த மூன்று நிறங்களைச் சிறிய டப்பாவில் வாங்கி இரண்டடிச் சதுர அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, அறையின் வெவ்வேறு சுவரில் சாய்த்து, காலை, மாலை, விளக்குப் போட்டபின் என மூன்று வேளையும் பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவர் எப்போதும் வெளிர் நிறமாக இருக்கட்டும். பளீரென்ற ஜன்னலைச் சுற்றி அடர் நிறம் வந்தால் கண் கூசும். அடர் நிறம் பிடிக்குமென்றால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்குக் கொடுங்கள். வெளிச்சம் அதன்மேல் விழுந்து நிறம் உயிரோடு இருக்கும்.

செங்கல் தெரியும் சுவர் வேண்டுமென்று கட்டி முடித்த வீட்டில் பூச்சைக் கொத்தியெடுக்கிறார்கள். பூசி மறைப்பதற்கென்று கட்டிய சுவரில் கல் வரிசையும் இடுக்கும் ஒழுங்காக இருக்காது. கொத்திய கல் உதிர்ந்துகொண்டே இருக்கும். பேக்கரின் சுவர்கள் தொடக்கத்திலேயே வெளியில் தெரியும்படி, ஒவ்வொரு இடுக்கும் பார்த்துப் பார்த்துக் கட்டியவை. உங்களுக்குச் செங்கல் ஓடு ஒட்டுவதுதான் வழி. அதுவும் ஒரு சுவரில் மட்டும். செங்கல் வெளிச்சத்தை விழுங்கும்.

6. தரை: ஆத்தங்குடிக் கல் போடுவதானால்

காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட் மணலும் ஈரக் கலவையும் நிரப்பி இந்தத் தரைக்கல்லைச் செய்கிறார்கள். சூளை கிடையாது; தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. வண்ணம் மேலே சில மில்லிமீட்டர்தான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் என்ன செய்யக்கூடாது என்பது தானே விளங்கும்.

எண்ணிக்கை: 8 அங்குலக் கல் என்றால் 16 அடிக்கு 24, 12 அடிக்கு 18, மொத்தம் 432. சுற்றிலும் ஒரு வரி பார்டர் வைத்தால் மூலைக் கல் 4, பார்டர் கல் 76, நடுக் கல் 352. உடைசலுக்கு நூற்றுக்கு எட்டு சேர்த்து, ஒரே தொகுப்பில் வாங்குங்கள். கையால் கலக்கும் வண்ணம் அடுத்த தொகுப்பில் அதே மாதிரி வராது. அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லையென்று மூலைவிட்டத்தில் கண்டுபிடித்தீர்களே, அந்த வித்தியாசத்தைப் பார்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒற்றை நிறக் கல் ஒரு வரி வைத்து அதை வெட்டிச் சரிக்கட்டுங்கள். அப்படிச் சுற்றிலும் வைத்தால் நடுவே ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கல் குறையும், வரிசையும் இரண்டு குறையும். பார்டரை வெட்டினால் கோணல் கண்ணில் குத்தும்.

முன்கூட்டிப் பார்க்க வேண்டியது பாரமும் உயரமும். கலவைப் படுகையும் கல்லும் சேர்ந்து ஏறக்குறைய 2 அங்குலம். இந்த அறைக்கு எடை கிட்டத்தட்ட 2 டன். அடுக்குமாடியில் பழைய டைல்ஸ் மேல் அப்படியே ஏற்றக்கூடாது. பழையதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள். கதவுகளின் அடியை அறுக்க வேண்டி வரும். பால்கனி வாசலில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் மட்டம் பாருங்கள்.

போடும் முறை: அறையின் மையத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து, கலவை இல்லாமல் இரண்டு வரிசை கல்லை அடுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு படுகை, அதன்மேல் சிமென்ட் பால், கல். தட்டுவதற்கு மரச்சுத்தி அல்லது ரப்பர் சுத்திதான். இடுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கல்லின் மேல் வழிந்த சிமென்ட் பாலை அந்த நிமிடமே ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் கொத்தனார் கை தானாக ஆசிட் கேனுக்குப் போகும். ஆசிட் பட்டால் கல் முடிந்தது. அது சிமென்ட்டைத் தின்னும், பளபளப்பு திரும்பவே வராது. மெஷின் பாலிஷும் கூடாது. வேலைக்கு முன்பே இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள், ஆசிட் கேனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

போட்ட புதிதில் கல் ஈரத்தை விடும், திட்டுத்திட்டாக வெளுக்கும். பயப்பட வேண்டாம். அப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடினால்தான் ஈரம் அடைபட்டுக் கறை நிலைக்கும். மற்ற வேலை நடக்கும்போது அட்டை விரித்துப் பாதுகாக்கவும். காய்ந்த பிறகு மரத்தூளில் சிறிது தேங்காயெண்ணெய் கலந்து துடைப்பது பழைய வழக்கம். நடக்க நடக்கத்தான் மெருகேறும். எலுமிச்சை, புளி, தயிர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். மஞ்சள் கறை போகாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் இந்தத் தரை உங்களுக்கு வேண்டாம், வழுக்காத மேட் ஃபினிஷ் டைல்ஸ் நல்லது. ஏற்கெனவே உள்ள டைல்ஸ் பிடிக்கவில்லை, மாற்றவும் வழியில்லை என்றால் அதன்மேல் ஆறடிக்கு நாலடிப் பத்தமடைக் கோரைப்பாயோ பவானி ஜமுக்காளமோ விரித்துப் பாருங்கள். பாதி கோபம் தீர்ந்துவிடும்.

7. மரவேலை

டிவி யூனிட், செருப்பு அலமாரி, சாமி அலமாரி. பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 710 முத்திரை, மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303. பலகையின் முத்திரையை ஆசாரி வெட்டும் முன் நீங்களே பாருங்கள். வெட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுதான். அடிப்பலகை தரையில் உட்காரக்கூடாது. வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் ஊறி ஒரு வருடத்தில் உப்பும். 4 அங்குல உயரத்தில் பி.வி.சி. கால் வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் சாத்தும் அலமாரிக்குப் பின்னால் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். வெட்டிய ஓரங்களில் பட்டை ஒட்டாமல் விடுவது கரையானுக்குப் போடும் கோலம்.

சாமி அலமாரியில் விளக்குச் சுடருக்கு மேலே குறைந்தது இரண்டரை அடி இடைவெளி வேண்டும், மேல்தட்டு லேமினேட்டாக இருக்கக்கூடாது. கல் அல்லது டைல்ஸ்.

8. சாமான்களை நிறுத்துவது

கொழும்பில் 33-ஆவது ஒழுங்கையில் (சந்தில்) உள்ள, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) வீடு வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகள். 1958-லிருந்து பத்து வருடத்தில் ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கினார். குறுகலான இடம்தான். ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு பார்வையின் முடிவிலும் ஒரு சிறு வெளிச்ச முற்றமோ செடியோ சிலையோ நிற்கும். அதனால் இடம் நீள்கிறது. இதைப் பத்துப் பைசா செலவில்லாமல் நம் ஹாலில் செய்யலாம். வாசற்கதவைத் திறந்ததும் நேரே என்ன தெரிகிறது? ஃப்ரிட்ஜின் பக்கவாட்டா, வாஷ் பேசினா, சோஃபாவின் முதுகா? முதலில் அதை நகர்த்துங்கள். பார்வை ஜன்னலிலோ பால்கனிச் செடியிலோ போய் முடியட்டும்.

அளவுகள்: நடைவழி 3 அடி, எங்குமே இரண்டரைக்குக் கீழ் போகாமல். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 15 முதல் 18 அங்குலம். 55 அங்குல டிவிக்கு 7 முதல் 9 அடி தூரம். திரையின் மையம் தரையிலிருந்து 40 அங்குலம். டிவியை ஐந்தடி உயரத்தில் மாட்டிக் கழுத்து வலிக்குத் தைலம் தேய்ப்பவர்கள் அதிகம். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் இருக்கை உயரம் 18 அங்குலத்துக்குக் குறையாத, கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி கட்டாயம். தாழ்வான சோஃபாவில் உட்காருவார்கள், எழ ஆள் தேடுவார்கள்.

ஊஞ்சல். கூரை வார்க்கும்போதே கம்பியோடு கட்டிப் பதித்த கொக்கி இருந்தால் மாட்டுங்கள். ஃபேன் கொக்கியில் மாட்டவே கூடாது. பிறகு துளைத்து மாட்டுவதானால் தளமா பீமா, எத்தனை தடிமன் என்று பொறியாளர் பார்த்து, ரசாயனப் பிடிமானம் (துளையில் ரசாயனப் பசை நிரப்பி இறுக்கும் போல்ட்) போட வேண்டும். நின்ற எடையைவிட ஆடும் எடை அதிகம். ஆடும் திசையில் முன்னும் பின்னும் மூன்றடி காலியாக இல்லாத ஹாலில் ஊஞ்சல் துணி காயப்போடும் பலகையாகத்தான் முடியும்.

பெரிய கண்ணாடி மாட்டுவதானால் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், கண் கூசும். ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் உள்ளே நீளும்.

9. துணி, செடி, படம்

திரைக் கம்பி ஜன்னலுக்கு மேல் 6 அங்குலத்தில், இரு பக்கமும் 6 முதல் 8 அங்குலம் கூடுதலாக. அப்போதுதான் திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கும், கண்ணாடி முழுதும் காற்றுக்குக் கிடைக்கும். 5 அடி ஜன்னலுக்குக் கம்பி 6 அடிக்குச் சற்று மேல். மடிப்பு விழ இரண்டு மடங்கு துணி, அதாவது 12 அடி அகலம். 48 அங்குலத் துணியில் மூன்று பட்டை. 7 அடி இறக்கம், மடித்துத் தைக்க ஓரடி. மொத்தம் 24 அடி, ஏறக்குறைய ஏழரை மீட்டர். கைத்தறிப் பருத்தி என்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காய்ந்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் மூன்று அங்குலம் மேலேறி நிற்கும்.

செடித் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. டெங்குக் கொசுவுக்கு அது போதும். தட்டில் மணல் நிரப்பி வைத்தால் ஈரமும் இருக்கும், கொசுவும் வராது.

படங்களின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது நின்று பார்ப்பவர் கணக்கு. பாயில் உட்கார்ந்து பேசுகிற வீடு என்றால் 48-க்கு இறக்குங்கள். தஞ்சாவூர் ஓவியத்தை வெளிச்சுவரிலோ வெயில் படும் இடத்திலோ மாட்டாதீர்கள். பலகைமேல் பூசிய மக்கு (சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சு) ஈரத்தில் உப்பி வெடிக்கும், தங்கத் தகடு அதோடு பெயரும். ஆணிக்குத் துளை போடும் முன் ஸ்விட்ச் பாக்ஸ் எங்கே என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் சேர்த்து, துளைக்காதீர்கள். வயர் போகும் குழாய் அந்தக் கோட்டில்தான் போகிறது. கொத்திய அன்று, புட்டி இழுக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் டேப் நீட்டிப் பிடித்து ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தால் இப்போது அதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.